வருகைக் கணக்கில் மாறிய படி

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் சென்றால் மலை விளிம்பில் இருப்பது கம்பம்மெட்டு. அதற்கு அப்பால் கேரளத்து இடுக்கி மாவட்டம். ஏலத் தோட்டங்களின் நாடு. விடியற்காலையில் தோட்ட வேலைக்குச் செல்லும் ஆடவரும் பெண்டிரும் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மேலேறுவர், மாலையில் இறங்குவர். சாலையோரத்தில் ஒருவர் ஏட்டை விரித்து வைத்து இவ்வண்டிகளை எண்ணுவதாகக் கொள்வோம். காலையில் ஏறி மாலையில் இறங்கிய ஜீப்பை ஒன்று என்று எழுதுவதா, இரண்டு என்று எழுதுவதா? வண்டியை எண்ணுவதா, உள்ளே இருக்கும் ஆட்களை எண்ணுவதா? எண்ணுபவர் தம் விதியை மாற்றிக்கொண்டால், சாலையில் ஒரு சக்கரமும் கூடாமல் குறையாமல், ஏட்டின் தொகை மட்டும் மாறிவிடும்.

வலைத்தளங்களின் வருகைக் கணக்கிலும் இதுவே நிகழ்ந்தது. ஏலக்காய் விற்கும் கடையாயினும், வெளிமாநிலத் தமிழ்ச் சங்கமாயினும், தம் தளத்துக்கு எத்தனை பேர் வந்தனர் என்பதை அறிய ஒரு நிரல் நூலகத்தைப் பக்கங்களில் பொருத்தி வைப்பது வழக்கம். நூலகம் என்றதும் புத்தகசாலையை எண்ண வேண்டா. பிறர் முன்னரே எழுதி வைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு என்பதே இங்குப் பொருள். படிப்பவர் பக்கத்தைத் திறந்தவுடன் இந்நிரல் அவருடைய உலாவியில் ஓடி, ‘இன்ன பக்கம், இன்ன நேரம்’ என்று தொலைவிலுள்ள கணக்குச் சாலைக்குச் சேதி அனுப்பும்.

இவற்றுள் மிகுதியாக வழங்குவது கூகுள் அனலிட்டிக்ஸ். அர்ச்சின் என்னும் நிறுவனத்தை 2005-இல் வாங்கிய கூகுள், அவ்வாண்டு நவம்பரிலேயே இச்சேவையைத் தொடங்கிற்று. முதல் நூலகத்தின் இடத்தில் 2007-இல் வேறொன்று வந்தது. 2013-இல் ‘யுனிவர்சல்’ என்னும் மூன்றாம் தலைமுறை வந்தது. 2020 அக்டோபரில் நான்காம் பதிப்பு அறிவிக்கப்பட்டது. முந்தைய மாற்றங்களைப் பலர் கவனியாமலே கடந்தனர். கடைசி மாற்றத்தை அவ்வாறு கடக்க இயலவில்லை. 2023 ஜூலை 1 முதல் பழைய கணக்கில் புதிய பதிவுகள் ஏறுவது நின்றது. ஓராண்டுக்குப் பின், 2024 ஜூலை 1 முதல், பழைய ஏட்டையே திறக்க முடியாமற் போயிற்று. அதற்குள் படியெடுத்து வைக்காதவர்களின் பல்லாண்டுக் கணக்கு அவர்கள் கைக்கு எட்டாமற் போயிற்று. இலவசமாகக் கிடைத்த ஏட்டின் சாவி பிறர் இடுப்பில் இருந்தது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

மாறியது நிரல் மட்டும் அன்று. எண்ணும் படியே மாறிற்று. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வீசை போய்க் கிலோ வந்ததை நம் முன்னோர் கண்டனர். வீசையையும் கிலோவையும் ஒரே பத்தியில் கூட்டிய கடைக்காரர் உண்டானால், அவர் கணக்கு எவ்வாறு இருந்திருக்கும்! பழைய நூலகம் ‘வருகை’யை அடிப்படையாகக் கொண்டது, புதியதோ பக்கம் திறத்தல், கீழே நகர்த்துதல், கோப்பைப் பதிவிறக்குதல் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு ‘நிகழ்வு’ என்றே கொள்கிறது. இரவு பதினொன்றே முக்காலுக்குப் படிக்கத் தொடங்கி நள்ளிரவைக் கடந்தவரைப் பழைய ஏடு இரு வருகைகளாக எழுதும். புதியது ஒன்றாகவே எழுதும். ஒரு பக்கத்தைப் பார்த்து வேறெதையும் தொடாமல் போனவரைப் பழையது, எத்துணை நேரம் படித்தாராயினும், ‘வந்தவுடன் திரும்பியவர்’ என்றது. புதியதோ பத்து வினாடிக்கு மேல் தங்கினாலே அவரை ஈடுபட்டவராகக் கொள்கிறது. இவ்வகையில் புதிய படியே நேர்மையானது என்பது நம் கருத்து. நீண்ட கட்டுரையொன்றைப் பொறுமையாகப் படித்து முடித்தவரைத் திரும்பிப் போனவர் என்பது அநியாயம் அன்றோ?

விக்கிப்பீடியாவும் 2015 மே முதல் தன் பக்கப் பார்வைக் கணக்கின் இலக்கணத்தைத் திருத்தி, மனிதர் பார்வையைத் தானியங்கிகளின் பார்வையிலிருந்து பிரித்துக் காட்டலாயிற்று. தமிழ் விக்கிப்பீடியாவின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடுவோர் இதை மறவாதிருத்தல் வேண்டும்.

நூலகத்தைப் புதுப்பிப்போர் முதலில் பழைய தொகைகளைத் தம் கணினியில் படியெடுத்துக்கொண்டு, மாற்றிய தேதியையும் எழுதி வைக்க வேண்டும். பின்னர்ப் பழையதும் புதியதும் சில காலம் அருகருகே ஓட வேண்டும். எத்துணைக் காலம்? ஏலக்காய்க் கடைக்கு ஓராண்டு நன்று; அறுவடைக் காலத்து வருகையும் கோடைக்காலத்து வருகையும் ஒன்றாக இரா. அவ்வாறு ஓடும்போது இரண்டும் வெவ்வேறு கணக்கில் எழுத வேண்டும். ஒரே நிரலைப் பக்கத்திலும், குறி மேலாளர் என்னும் கருவியிலும் மறதியாகப் பொருத்தினால் ஒவ்வொரு பார்வையும் இரண்டாக எண்ணப்படும். திடீரென வருகை இருமடங்கானால் மகிழ்வதற்கு முன் இதனைச் சோதித்தல் நலம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலையொன்று உண்டு. கம்பம்மெட்டில் நின்று கைப்பேசியைத் திறப்பவர் எம்மாநிலத்தவர் என்று இந்நூலகம் உண்மையில் அறியாது. இணைய முகவரி எண்ணைக் கொண்டு ஊகிக்கிறது. கைப்பேசி நிறுவனத்தின் வாயில் எந்நகரில் உள்ளதோ அந்நகரின் பெயரே ஏட்டில் ஏறக்கூடும். மொழியோ எனில், உலாவியின் அமைப்பு எம்மொழியில் உள்ளதோ அதுவே எழுதப்படுகிறது. மும்பையிலோ பெங்களூரிலோ ஆங்கில அமைப்புள்ள கைப்பேசியில் தமிழ்ப் பக்கம் படிப்பவர் ஆங்கிலேயராகவே எண்ணப்படுகிறார்! இக்கணக்கை நம்பி ஒரு நிறுவனம், ‘கேரளத்தில் தமிழ் படிப்போர் மிகச் சிலரே, தமிழ்ப் பக்கம் எதற்கு?’ என்று முடிவு செய்தால், நாம் இருந்தும் இல்லாதவர் ஆவோம்.

இதற்குப் புதிய நூலகத்திலேயே வழி இருக்கிறது. தமிழ்ப் பக்கம் திறக்கப்படும்போதெல்லாம் ‘தமிழ் வாசிப்பு’ என்றொரு தனி நிகழ்வை அனுப்புமாறு தள உரிமையாளர் அமைத்துக்கொள்ளலாம். உலாவியின் மொழியை விடுத்துப் படித்த பக்கத்தின் மொழியை எண்ணும் முறை இது. ஓரிரு வரி நிரலில் முடியும். ஏட்டின் சாவி தம்மிடமே இருக்க வேண்டும் என்போர், பிவிக் என்று தொடங்கி 2018-இல் மட்டோமோ எனப் பெயர் மாறிய திறந்த மென்பொருளைத் தம் சொந்த வழங்கியிலேயே நிறுவலாம். அதற்குப் பராமரிப்பு வேலை மிகுதி. ஆனால் படித்தவர்களைப் பற்றிய குறிப்புகள் வேற்றிடம் செல்வதில்லை. எதைக் கொண்டாலும், எண்ணப்படுகிறோம் என்பதைப் படிப்பவருக்கு அவர் மொழியிலேயே ஓரிரு வரியில் அறிவித்து, விரும்பாதவர் விலகவும் வழி வைக்க வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கோரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெற வழி செய்கிறது. தமிழும் அவ்வட்டவணையில் உள்ளது.