ஓரிரவுத் தங்கல்

எங்கள் ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு வழித்தங்கல் இருக்கிறது. கணிகண்ணனைப் பல்லவ மன்னன் காஞ்சியிலிருந்து நாடு கடத்தியபோது குருவான திருமழிசையாழ்வாரும் உடன் கிளம்பினார். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு யதோக்தகாரிப் பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். அவர்கள் தங்கிய ‘ஓரிரவிருக்கை’ மருவி ஓரிக்கை ஆனது என்பது இங்கே எல்லாரும் சொல்லும் கதை. மன்னன் மன்னிப்புக் கேட்க, எல்லாரும் காஞ்சிக்குத் திரும்பிவிட்டார்கள். பாலோ மீனோ வாழைக்காயோ வழியில் ஓரிரவு சூட்டில் தங்கினால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை.

கறந்த பால் ஏறத்தாழ 38 டிகிரி சூட்டில் இருக்கிறது. பாக்டீரியா பெருக அதைவிட வசதியான இடம் கிடையாது. அதனால் குளிர்விப்பு மையத்தில் 4 டிகிரிக்கு இறக்கிய பிறகுதான் டேங்கரில் ஏற்றுகிறார்கள். டேங்கர்களில் பெரும்பாலும் குளிரூட்டும் இயந்திரம் இருக்காது. இரட்டைச் சுவர், நடுவே நுரைக் காப்பு, அவ்வளவுதான். காப்பு குளிரை உண்டாக்காது. வெளிச்சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும். நமக்குக் கிடைப்பது நேரம்.

அந்த நேரத்தை எவ்வளவு நீட்டலாம் என்பதற்குச் சென்னைக் கடற்கரையில் ஒரு சாட்சி நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைக்க 1842இல் கட்டப்பட்டது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் அறுத்த ஐஸ் பாளங்களை 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதப் பயணம், நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டியாக வேண்டும். சுமார் 100 டன் கரைசேர்ந்தது! பின்னர் அமெரிக்க ஆப்பிள்களும் இதே குளிரில் இந்தியாவுக்கு வந்தன.

இயந்திரமே இல்லாமல் இது எப்படி முடிந்தது? முதல் காரணம் மரத்தூள். தூளுக்கு இடையே சிறைப்பட்ட காற்று அசைய முடியாது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நம் ஊரில் ஐஸ் பாரை உமியில் புதைத்துக் கோணி சுற்றியதும் இதற்குத்தான். தெர்மாகோல் மீன் பெட்டியிலும் வேலை செய்வது காற்றே. இரண்டாவது, ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி வெப்பம் தேவை. மூன்றாவது, அளவு. பாளத்தின் பக்கத்தை இரட்டித்தால் சூடு புகும் பரப்பு நான்கு மடங்காகிறது, உள்ளிருக்கும் ஐஸோ எட்டு மடங்காகிறது. மீன்காரம்மாவின் பெட்டி மாலைக்குள் தண்ணீராவதும் கப்பல் நான்கு மாதம் தாங்கியதும் இந்தக் கணக்கால்தான்.

வாழைக்காய்க்கு ஐஸ் உதவாது. தேனிப் பக்கம் விளைந்து ஏற்றுமதியாகும் ஜி-9 ரகக் காய்க்கு 13, 14 டிகிரிதான் பாதுகாப்பு. அதற்குக் கீழே போனால் தோலுக்குள் பழுப்புக் கோடு விழும், பிறகு சரியாகப் பழுக்காது. மேலே போனால் கடலிலேயே பழுத்துவிடும். அறுத்த பிறகும் காய் மூச்சுவிடுகிறது, தானே சூட்டை வெளியிடுகிறது. ரீஃபர் என்னும் குளிரூட்டும் கன்டெய்னரின் வேலை இருக்கும் குளிரைக் காப்பது. தோட்டச் சூட்டோடு ஏற்றிய சரக்கை வேகமாகக் குளிர்விக்க அதற்குச் சக்தி போதாது. அடித்தளப் பள்ளங்கள் வழியே வரும் குளிர்காற்று அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே மேலேறித் திரும்ப வேண்டும். உள்ளே போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு வரிசை கூடுதலாக அடுக்கினாலும் காற்றின் வழி அடைபடும். சரக்கு கெடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன அவசரங்களால் என்றே நினைக்கிறேன்.

அரிசி, காப்பிக்கொட்டை போகும் சாதாரண கன்டெய்னருக்கு இரவுதான் ஆபத்து. பகல் வெயிலில் மூட்டைகளிலிருந்து வெளியேறிய ஈரம், இரவில் குளிர்ந்த தகரக் கூரையில் பனித்துளியாகச் சேர்ந்து மூட்டைமேலேயே சொட்டும். பூஞ்சணம் பிடிக்க அது போதும். கூரையில் வெப்பம் தடுக்கும் உறையும், மூட்டைகளுக்கிடையே ஈரம் உறிஞ்சும் பைகளும் வைப்பது இதற்காக.

இப்போது குளிரில் போகும் சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே கையடக்க வெப்பப் பதிவுக் கருவி ஒன்றை வைத்து அனுப்புகிறார்கள். டீசல் மிச்சம் பிடிக்க லாரி நின்ற இடத்தில் குளிரூட்டும் இயந்திரத்தை அணைத்திருந்தால், இறக்குமிடத்தில் அந்தக் கருவியைக் கணினியில் செருகியதும் தெரிந்துவிடும். சமமாக ஓடும் கோட்டின் நடுவில் ஒரு மேடு: எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதோடு அந்த ஓரிரவு அங்கே பதிவாகியிருக்கும்.