கங்குன் கீரையும் எங்கள் ஊர் வாய்க்காலும்

சுகர் லேண்டிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் குடியேறும் எம்மவர்க்கு முதலில் கண்ணில் படுவது தண்ணீர்தான். வீட்டுத் தொகுதிக்கு ஒரு குளம், தெருவுக்கு ஒரு வாய்க்கால். கீரைக்கொடி ஒன்றை நட்டுவிட்டால் கறிக்கு ஆகுமே என்று நினைப்பது இயல்பு. ஆனால் நடுவதற்கு முன் சில விடயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

நாம் கங்குன் என்றும் வள்ளைக்கீரை என்றும் சொல்லும் கீரை, டெக்சாஸில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட செடி. கடையில் வாங்கிச் சமைத்து உண்பதற்குத் தடை இல்லை. வளர்க்கவோ விற்கவோ டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். காரணம் எளிது. அதன் தண்டு உள்ளே வெறுமையானது, நீரில் மிதக்கும். ஒடிந்த துண்டொன்று கணுவில் வேர்விட்டு, வெப்பமான இந்த ஊரில் வாய்க்காலையே மூடிவிடும்.

எமக்கு முன் இங்கு அகதிகளாக வந்த கம்போடிய மக்கள் இதே சிக்கலைச் சந்தித்தவர்கள். சுகர் லேண்டுக்குத் தெற்கே ரோஷரன் பகுதியில் அவர்கள் இக்கீரையைப் பயிரிட்டே குடும்பங்களை நிமிர்த்தினார்கள். முற்றாகத் தடை வரலாம் என்ற அச்சம் எழுந்தபோது அவர்கள் அதிகாரிகளுடன் பேசினார்கள். இன்று அங்கு அனுமதிப்பத்திரத்துடன் கீரை விளைகிறது. ஹூஸ்டன் ஆசியக் கடைகளில் எமக்கும் கிடைக்கிறது.

இந்தச் சட்டங்கள் வெளிநாட்டவரின் உணவைப் பிடிக்காமல் போட்டவை என்று எண்ண வேண்டாம். எமது நாட்டிலும் இதே கதை உண்டு. ஆகாயத்தாமரையை அழிக்க இலங்கையில் 1909இலேயே தனிச்சட்டம் வந்தது. 1939இல் கொழும்பிலே தாவரவியல் படிப்புக்கென்று கொண்டுவந்த சல்வீனியா, வெளியே தப்பி வயல்களையும் குளங்களையும் மூடியது. அதைத் தின்னும் சிறு வண்டை 1986இல் கொண்டுவந்து விட்ட பிறகே நிலைமை தணிந்தது.

அந்தச் சல்வீனியாவே இங்கும் வந்துவிட்டது. 1998இல் டெக்சாஸில் காணப்பட்டது. ஹூஸ்டனுக்கு வடக்கே கொன்றோ ஏரியையும் பிடித்தது. வாய்ப்பான வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். நீரை மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது, மீன்கள் மூச்சடைத்து மாளும். இங்கும் அதே வண்டை வளர்த்து ஏரிகளில் விடுகிறார்கள். இன்னொரு பகை வரிச்சிப்பி. 2009இல் டெக்சோமா ஏரிக்கு வந்த இந்தச் சிறு சிப்பி, குடிநீர்க் குழாய்களின் உள்ளே ஒட்டி அடைக்கும்.

எமது ஊர்க் குடிநீரின் ஒரு பகுதி பிராசோஸ் ஆற்றிலிருந்து இறைக்கப்பட்டு, ஒய்ஸ்டர் கிறீக் வழியாக வருவது. ஆகவே வீட்டுக்குப் பின்னால் ஓடும் நீர் யாருக்கும் சொந்தமில்லாத நீர் அல்ல. அது எம் பிள்ளைகள் குடிக்கும் நீர்.

கவனிக்க வேண்டியவை:

கீரை நறுக்கிய தண்டுகளை வாய்க்காலிலோ மழைநீர்க் கானிலோ எறியாதீர்கள். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

மீன்தொட்டியின் செடி, மீன், நத்தை எதையும் குளத்தில் விடாதீர்கள். நீரோரச் செடிகளிலும் சுவர்களிலும் காணும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகள் ஆப்பிள் நத்தையினுடையவை. பிள்ளைகளை வெறுங்கையால் தொடவிடாதீர்கள்.

பிடித்த திலாப்பியாவை உயிருடன் வாளியில் கொண்டுவரக் கூடாது. பிடித்த உடனே குடலை எடுத்துவிட வேண்டும். பதினேழு வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் பொது நீர்நிலைகளில் மீன்பிடிக்க உரிமம் எடுப்பதும் அவசியம்.

நண்பர்களோடு படகில் போனால், திரும்பும்போது ஒட்டிய செடிகளை அகற்றி, நீர் முழுவதையும் வடித்து, காயவிடுங்கள். நீரை வடிப்பது 2014 ஜூலை முதல் மாநிலம் எங்கும் கட்டாயம். தடைசெய்த செடிகளைக் கொண்டு சென்றால் 500 டொலர் வரை தண்டம் உண்டு.

ஆங்கிலம் தெரியாததால் தண்டம் கட்டுவது வந்த புதிதில் பெருஞ்சுமை. சந்தேகம் இருந்தால் மாநகரசபையிலோ பூங்காத் துறையிலோ கேளுங்கள். கேட்பதால் எவரும் உங்கள் குடியுரிமை பற்றி ஐயப்படப்போவதில்லை. வீட்டில் மூத்தவர்களுக்கும் இதை வாசித்துச் சொல்லுங்கள். தோட்டம் செய்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தானே. அவர்களுக்கு முருங்கையும் பசளியும் வெண்டியும் நட இந்த மண்ணில் தடை ஏதுமில்லை.