மரபணுத்தொகுதி பெரிசு எண்டால் பற்றீரியா மெதுவாகவா பெருகும்?

கிதாபு பெரிசு எண்டால் ஓதி முடிக்க நேரம் கூடும். பற்றீரியாவும் பிரிவதற்கு முன் தன் மரபணுத்தொகுதி முழுவதையும் படியெடுக்க வேண்டும். ஆகவே தொகுதி சின்னனாக இருந்தால் வேகமாகப் பெருகும் எண்டு நினைக்கத் தோன்றும்.

கணக்கோ வேறு சொல்கிறது. நமது குடலில் வாழும் ஈ.கோலையின் தொகுதியில் சுமார் 46 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். படியெடுக்க ஏறத்தாழ 40 நிமிடம் செல்லும். ஆனால் நல்ல உணவு கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிக்கிறது. ஒரு கத்தம் முடியுமுன்னே அடுத்ததைத் தொடங்குவதுபோல, முதற்படி முடிவதற்குள் அடுத்த படியைத் தொடங்கிவிடுகிறது. கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் 1968இல் இதை விளக்கினர்.

மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியத்துக்கு 5.8 இலட்சம் எழுத்துகள்தான். ஆனாலும் இரட்டிக்கப் பல மணித்தியாலம் வேண்டும். காசநோய்க் கிருமிக்கு 44 இலட்சம், ஈ.கோலைக்குக் கிட்டத்தட்டச் சமன். அது ஒருமுறை பிரிய ஏறத்தாழ ஒரு நாள்!

ஆக, அளவு மட்டும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. புரதம் செய்யும் இறைபோசோமுக்குரிய ஆர்.என்.ஏ. பரம்பரையலகுத் தொகுப்புகள் ஈ.கோலையில் 7, காசநோய்க் கிருமியில் ஒன்றே ஒன்று. அதன் மெழுகுச் சுவரூடாக உணவு நுழைவதும் மெதுவாகத்தான்.

இதனாலேதான் சளியில் அக்கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்காகிறது. பல மருந்துகள் பெருகும் கிருமியையே நன்றாகத் தாக்கும். உறங்கிக் கிடப்பவை தப்பும். எனவே வழமையான சிகிச்சை 6 மாதம். ‘இருமல் நிண்டுட்டு, இனி என்னத்துக்குக் குளிசை?’ எண்டு இடையில் விடுபவர், அந்த உறங்கும் கிருமி மீண்டெழ இடம் கொடுக்கிறார்.