ஒரு அம்பு... அஞ்சு குறி!

நாமக்கல்லுக்கு நான் டிரான்ஸ்ஃபராகி வந்த முதல் நாளே ஆபீஸ் மாடியிலிருந்து தூரத்தில் நீலமாக ஒரு மலை தெரிந்தது.

"அதான் கொல்லிமலை. அடுத்த ஞாயித்துக்கிழமை போயிடலாம்டா" என்றான் பக்கத்து சீட் நண்பன்.

அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குப் பதினோரு மாசம் ஆனது! அதுவும் அவனுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை புரூஃப் வரைக்கும் வந்துவிட்டதால்தான். "இப்போ விட்டா அப்புறம் பர்மிஷன் கேட்டுத்தாண்டா போகணும்" என்று அவனே பதறிப்போய் நாள் குறித்தான்.

பக்கத்து சீட்டுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் லிஸ்ட் போடாமல் செய்ய மாட்டான். ஆபீஸ் படிவம் ஒன்றின் முதுகில் அட்டவணையே எழுதிக்கொண்டு வந்திருந்தான். எட்டரைக்கு செம்மேடு. ஒன்பதரைக்கு எட்டுக்கை அம்மன். பதினொன்றுக்கு அறப்பளீஸ்வரர். பன்னிரண்டுக்கு ஆகாய கங்கை. மூணு மணிக்கு வாசலூர்பட்டியில் படகு. நாலரைக்கு சீக்குப்பாறை காட்சி முனை. அடியில் சிவப்பு மையில், 'மதியம் தினைச் சோறு (கட்டாயம்)'.

"டிபன் எப்போ?" என்றேன்.

"காலைல சாப்பிட வேணாம். எழுபது வளைவு இருக்கு. வயித்தைக் காலியா வெச்சுக்கிட்டாதான் நல்லது."

இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஆறு மணி பஸ். காரவள்ளி வரை மூக்கைப் பிடித்த மாதிரி நேர் ரோடு. அங்கே மலை ஆரம்பம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நம்பர் போட்ட போர்டு வைத்திருக்கிறார்கள். 1/70... 2/70... யார் இந்த யோசனையைச் சொன்னார்களோ, தெரியவில்லை. தலை சுற்றுகிறவனுக்கு 'இன்னும் அம்பத்தெட்டு பாக்கி' என்று ஒரு போர்டு வந்து சொன்னால் எப்படி இருக்கும்! சமவெளி ஆசாமிகள் எல்லாம் முன் சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்திருக்க, மலைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்கள். பஸ் திரும்பும்போது தலை இந்தப் பக்கம், அடுத்த வளைவில் அந்தப் பக்கம். தூக்கம் மட்டும் கலையவில்லை.

சோளக்காடு தாண்டி செம்மேட்டில் இறங்கியபோது மணி ஒன்பதேகால். அட்டவணையில் முதல் ஓட்டை.

செம்மேடுதான் கொல்லிமலைக்குத் தலைநகரம் மாதிரி. ஆபீஸ், கடைவீதி, பஸ் எல்லாம் அங்கேதான். ஆயிரம் மீட்டருக்கு மேலே ஒரு ஊர். ஆனி மாசத்தில் கீழே நாமக்கல் கொதிக்க, இங்கே டீ கிளாஸைக் கையைவிட்டு எடுக்க மனசு வரவில்லை. கடைகளில் மிளகு, காப்பிக்கொட்டை, மலைவாழை, பலாப்பழம். நடுவில் குதிரைமேல் வில்லும் அம்புமாக வல்வில் ஓரி.

ஓரியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவர். கொல்லிமலைக்கு அரசர். அவர் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். ஒரே அம்பால் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, கடைசியாகப் புற்றில் இருந்த உடும்பு என்று அஞ்சையும் துளைத்தார் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பாணர்கள் கூட்டம் காட்டில் அவரைப் பார்த்து, இந்த வேட்டைக்காரர் யாரோ என்று யோசிக்கிறது. அவரோ வேட்டையாடிய மான் கறியையும் கொடுத்து, பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறார். நான்தான் ராஜா என்று விசிட்டிங் கார்டு நீட்டவில்லை! அப்படிப்பட்டவரை இன்னொரு வள்ளலான மலையமான் திருமுடிக்காரிதான் போரில் கொன்று, இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். வருஷா வருஷம் ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் ஓரிக்கு அரசு விழா நடக்கிறது.

பக்கத்து சீட் சிலையையும் லிஸ்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"அவரு ஒரு அம்புல அஞ்சு. நாம ஒரு லீவுல அஞ்சு. எப்புடி?"

ஓரி பாவம், சிலையாக இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டுக்கை அம்மன் கோயிலுக்கு எந்தப் பஸ் என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அறப்பளீஸ்வரர் கோயில் பஸ் கிளம்பிவிட்டது. "விட்டா அடுத்ததுக்கு நேரமாகும், ஏறுங்க சார்" என்றார் கண்டக்டர். ஏறிவிட்டோம். எட்டுக்கை அம்மன் போச்சு. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் வருகிற கொல்லிப்பாவை இந்த அம்மன்தான் என்று மலையில் சொல்கிறார்கள். சிரித்தே எதிரிகளைக் கொல்லும் பாவையாம். எங்கள் அட்டவணையைப் பார்த்தும் அப்படித்தான் சிரித்திருப்பாள்.

வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக்கொடி. சரிவுகளில் வரிசை வரிசையாகக் குச்சிக்கிழங்கு. பக்கத்து சீட் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தினைக் கதிரைத் தேடிக்கொண்டே வந்தான்.

பெரியகோவிலூரில் அறப்பளீஸ்வரர் கோயில். தேவாரத்தில் பெயர் மட்டும் வருகிற வைப்புத் தலங்களில் ஒன்று. பக்கத்தில் ஓடும் ஐயாற்று மீன்களை இங்கே யாரும் பிடிப்பதில்லை. அறுத்துச் சமைத்த மீனையே பொருத்தி உயிரோடு ஆற்றில் துள்ள வைத்தார் ஈசன் என்பது கதை. பொரி வாங்கிப் போட்டோம். மீன்கள் எங்களைவிடத் தெம்பாக இருந்தன.

கோயிலுக்குப் பக்கத்திலேயே ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள். எத்தனை படி? டிக்கெட் கொடுத்தவர் ஒரு கணக்கு, டீக்கடைக்காரர் ஒரு கணக்கு, மேலே ஏறி வந்த காலேஜ் பையன்கள் ஒரு கணக்கு. ஆயிரத்துக்கு மேலே என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. நாங்களே எண்ணிவிடுவது என்று ஆரம்பித்தோம். நானூற்றுச் சில்லறையில், அது பன்னிரண்டா பதிமூன்றா என்று சண்டை வந்து கணக்கைக் கைவிட்டோம்.

இறங்குவது ஒன்றுமே இல்லை சார். செங்குத்தான படிதான், ஆனால் கால் தானாகப் போகிறது. இருபுறமும் காடு. ஒரு திருப்பத்தில் இரைச்சல் கேட்கிறது, இன்னொரு திருப்பத்தில் முகத்தில் சாரல் அடிக்கிறது. கடைசிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தால்... சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து ஐயாறு அப்படியே கொட்டுகிறது! நேர் கீழே போய் நிற்க முடியாத வேகம். நாங்கள் தள்ளியே நின்றோம். அந்தச் சாரலிலேயே தொப்பலாகிவிட்டோம். இதே தண்ணீர்தான் கிழக்கே இறங்கி, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போகிறது. இந்தப் பக்கத்துக் குகைகளில் கோரக்கர், காலாங்கிநாதர் முதலான சித்தர்கள் இருந்தார்கள் என்பார்கள். இந்தப் படிகள் இல்லாத காலத்தில் வந்தவர்கள். சித்தர்களாக இருந்தால்தான் முடியும்!

பன்னிரண்டேமுக்காலுக்கு ஏற ஆரம்பித்தோம்.

முதல் நூறு படிக்கு ஜோக் அடித்துக்கொண்டு வந்தான். அடுத்த நூறில் பேச்சு நின்றது. அதற்கும் மேலே எங்கேயோ, பின்னால் காலடிச் சத்தமே கேட்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். படியில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. உதடு காய்ந்து, நெற்றியெல்லாம் வேர்வை. கை நடுங்குகிறது.

"கண்ணு இருட்டுதுடா... நெஞ்சு படபடங்குது."

எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. செல்போனை எடுத்தால் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. மேலே எழுநூறு எண்ணூறு படி. கீழே அருவி. தூக்கிக்கொண்டு போகவா? அவன் எடை எழுபத்தெட்டு கிலோ. காலையில் அவன் வீட்டு வாசலில் அவன் அம்மா, "பத்திரமா கூட்டிட்டு வாப்பா" என்று சொன்னதும், ஆபீஸ் டிராயரில் இருக்கும் கல்யாணப் பத்திரிகை புரூஃபும் மாறி மாறிக் கண் முன்னால் வந்தன. அதில் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்திருந்தான்.

நாலு படி மேலே எலுமிச்சம்பழமும் வாழைப்பழமும் வைத்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, கூடையை விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"நெஞ்சு வலிக்குதா சாமி?"

இல்லை என்று தலையசைத்தான்.

"காத்தால என்ன தின்ன?"

நான்தான் பதில் சொன்னேன். "ஒண்ணும் சாப்பிடலைங்க ஆயா. வளைவுல வாந்தி வரும்னு..."

அந்த ஆயா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எங்கள் மேனேஜர்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"தலையைக் குனிஞ்சு உக்காரு. பேசாத" என்றவர், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, "மடக்கு மடக்கா... வேகமாக் குடிக்காத" என்று கொடுத்தார். அப்புறம் ரெண்டு மலைவாழைப்பழம். கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. மெல்ல அவன் முகத்துக்கு நிறம் திரும்பியது. திரும்பியதும் முதல் காரியமாக வாட்சைப் பார்த்தான்.

"படகு போச்சுடா..."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன். தினமும் கூடையோடு இந்தப் படிகளில் இறங்கி ஏறுகிறவர். தினைச் சோறு எங்கே கிடைக்கும் என்று கேட்டான் பக்கத்து சீட். லிஸ்ட் போகாது அவனுக்கு!

"எங்க ஆத்தா காலத்துல சாமை, தினை, கேவுருதான். சாமையை உரல்ல போட்டுக் குத்தித் தோலெடுக்கிறதுக்குள்ள நெஞ்செலும்பு நொந்து போவும். அதைப் பொம்பளைங்கதானே குத்தோணும்? இப்ப ரேஷன் அரிசி வந்துருச்சு. குச்சிக்கெழங்கு போட்டா ஆலைக்காரங்க பணம் குடுக்கறாங்க. நீயே சொல்லு, எது தேவலாம்?"

பதில் சொல்ல முடியவில்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குப் போகிற கிழங்குதான் இந்தச் சரிவுகளில் பாதி தினை நிலத்தைப் பிடித்துக்கொண்டது என்று படித்திருக்கிறேன். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் தொடங்கி இங்கே சிறுதானியத்தைக் காப்பாற்றப் பாடுபட்டபோது, விதையோடு கூடத் தோல் நீக்கும் மெஷின்களையும் கிராமங்களுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. காரணம் ஆயா சொன்னதுதான். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் கீழே பட்டணத்து ஓட்டல்களில் தினைப் பொங்கல், சாமை பிரியாணி என்று போர்டு தொங்கியது. குத்துகிற கையைப் பற்றி அந்த போர்டில் ஒன்றும் இல்லை.

"பத்துப் படி ஏறு, நில்லு. மறுக்கா பத்து. மேல எவ்ளோ இருக்குன்னு பாக்காத" என்று சொல்லி அனுப்பினார். நான் நூறு ரூபாய் நீட்டினேன். கணக்காகக் காசை எடுத்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தார். இருக்கட்டும் ஆயா என்றதற்கு, "எதுக்கு?" என்று ஒரே வார்த்தை.

பத்துப் பத்தாக ஏறினோம். மேலே வர ரெண்டரை மணிக்கு மேல் ஆனது. (முழங்கால் வலி, ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் கோயிலோடு திரும்பிவிடுவது உத்தமம். அருவி கோபித்துக்கொள்ளாது. மற்றவர்கள் தயவுசெய்து டிபன் சாப்பிட்டுவிட்டு இறங்கவும்.)

மேலே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைச் செடியின் கிழங்கு. ரோமத்தோடு அச்சு அசல் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கிறது! முட்டிவலிக்கு நல்லது என்கிறார்கள். அது இருக்கட்டும், மிளகு போட்டுச் சுடச்சுட வந்த அந்த சூப் அப்போது எங்களுக்கு அமிர்தம். ரெண்டு ரெண்டு டம்ளர் குடித்தோம். சாப்பாட்டுக்குக் கிடைத்தது பரோட்டா. சிவப்பு மையில் எழுதிய 'கட்டாயம்' மேல் சால்னா சிந்தியது. அவன் துடைக்கவில்லை.

செம்மேட்டுக்குத் திரும்பும்போது மணி நாலரை தாண்டிவிட்டது. சீக்குப்பாறைக்குப் போய்வரலாமா என்று நான்தான் கேட்டேன். "கீழே போற பஸ் நிக்குது பாரு" என்றான். கடைத்தெருவில் கால் கிலோ மிளகும், ஒரு கிலோ தினையும் வாங்கிக்கொண்டான். ஆக, தினை மலையில் இருக்கத்தான் இருக்கிறது. பாக்கெட்டில் கட்டி, எங்களைப் போன்றவர்களுக்காக!

ஓரி அதே இடத்தில் அம்போடு நின்றார். பக்கத்து சீட் அந்தப் பக்கம் பார்க்காமலே பஸ் ஏறினான். அஞ்சுக்கு ரெண்டு.

இறங்கும்போது போர்டுகள் தலைகீழாக வந்தன. 70, 69, 68... பாதி மலை இறங்கியபோது கீழே ஊர்களில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். திடீரென்று எல்லோர் செல்போனும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. அவனுடையது உடனே அடித்தது. யார் என்று கேட்கவே வேண்டாம், குரல் அப்படிக் குழைந்தது.

"ம்... சூப்பரா இருந்துச்சு... படியா? ஒரு நூறு இருக்கும்... சேச்சே, மூச்செல்லாம் வாங்கலை. இவன்தான் நடுவுல உக்காந்துட்டான்..."

நான் முறைத்தேன். கண்ணைச் சிமிட்டினான்.

"இல்ல, மூணு இடம் பாக்கி இருக்கு. வேணும்னேதான் விட்டு வெச்சிருக்கேன். ஆவணிக்கு அப்புறம் நாம ரெண்டு பேரும் வந்து... ஒரு நிமிஷம் இரு."

போனைக் கையால் பொத்திக்கொண்டு என் காதருகே குனிந்தான்.

"டேய், எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் படி உண்டாடா?"