ஒரு மேற்கோள்குறி விடுபட்டால் எழும்பாத கணினி

சேர்வரை மறுபடி தொடக்கும் வரை சில பிழைகள் வெளியில் தெரிவதில்லை. ப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் அவை அநேகமாக 'ஆர்சி.கொன்ஃப்' என்ற சின்னக் கோப்பில்தான் ஒளிந்திருக்கும்.

'ஆர்சி' என்பது 'ரன் கமாண்ட்ஸ்' என்பதன் சுருக்கம். 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் இயங்குதளத்தில் பிறந்த வழக்கு அது. பழைய பிஎஸ்டியில் தொடக்க வேலைகள் எல்லாம் ஒருசில நீண்ட ஸ்கிரிப்டுகளில் கிடந்தன. புதிய சேவையை எந்த வரிக்குப் பிறகு செருகுவது என்று நாமேதான் தேடவேண்டும். 2000 டிசெம்பரில் வெளியான நெட்பிஎஸ்டி 1.5 இதை மாற்றியது. ஒவ்வொரு சேவைக்கும் 'ஆர்சி.டி' அடைவில் தனி ஸ்கிரிப்ட். தனக்கு முன்னால் எது ஓடியிருக்க வேண்டும் என்பதை அதுவே தன் தலைப்பில் சொல்லும். 'ஆர்சிஓடர்' வரிசையைக் கணக்கிடும். 2003இல் ப்ரீபிஎஸ்டி 5.0உம் இதை எடுத்துக்கொண்டது.

எனவே ஸ்கிரிப்டுகளில் கைவைக்கத் தேவையில்லை. எது ஓடவேண்டும் என்பதை மட்டும் ஆர்சி.கொன்ஃப்பில் எழுதினால் போதும். மூல அமைப்புகள் 'டிஃபோல்ட்ஸ்' அடைவில் இருக்கின்றன. அவற்றைத் திருத்தினால் அடுத்த தரமுயர்த்தலில் உங்கள் மாற்றம் காணாமல் போகலாம்.

ஆனால் ஆர்சி.கொன்ஃப் ஷெல் ஸ்கிரிப்டாகவே வாசிக்கப்படுகிறது. மூடாத மேற்கோள்குறி ஒன்று போதும், கணினி ஒற்றைப் பயனர் நிலையில் நின்றுவிடும். அப்போது ரூட் பகுதியில் எழுதவும் முடியாது. 'மவுண்ட் -யூ /' கொடுத்த பிறகே கோப்பைத் திருத்தலாம். அதற்கும் கணினியின் கொன்சோலை அணுக முடியவேண்டும். வேறு நாட்டில் உள்ள வாடகைச் சேர்வர் என்றால் பாடு பெரும்பாடுதான். 9.2 முதல் வரும் 'சிஸ்ஆர்சி' கட்டளையால் மாற்றினால், மேற்கோள்குறிகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.