ஆண் பூச்சிக்கு மட்டும் ஒரு பொறி

ஆரணின்னா பட்டு, அப்புறம் அரிசி. இரண்டுக்கும் நடுவே ஒரு பூச்சி வாசனை இருப்பது எனக்குச் சமீபத்தில்தான் உறைத்தது.

ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் புட்டெனாண்ட் ஏறத்தாழ 20 வருடம் உழைத்து, சுமார் 5 லட்சம் பெண் பட்டு அந்துப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்தார். 1959-இல் அதற்கு வைத்த பெயர் பாம்பிகால். ஆணை வரவழைக்கப் பெண் விடும் வாசனை; வேதியியல் அமைப்பு தெரிந்த முதல் ஃபெரோமோன். (நம்ம ஊர் நெசவாளி கைக்கு இழைதான் வரும், பூச்சி வராது. அது வெளியே வந்தால் கூடு கிழிந்துவிடும், அதனால் முன்பே அவித்துவிடுகிறார்கள்.)

என் மாமா நெல் வயலில் வைத்த இனக்கவர்ச்சிப் பொறியும் இதே உத்திதான். உள்ளே சின்ன ரப்பர் குப்பி, தண்டு துளைப்பானின் பெண் வாசனையைக் கசியவிடும்.

"ஏம்பா, தினம் பூச்சி விழுது, அப்பவும் வெண்கதிர் வருதே?" என்றார் மாமா.

விழுவதெல்லாம் ஆண். முட்டையிடுவது பெண். தப்பிய ஓர் ஆணே பல பெண்களோடு சேரும். பக்கத்து வயலில் இணைசேர்ந்த பெண்ணும் இங்கே பறந்து வரும். அவர் வைத்த இரண்டு பொறி கணக்கெடுக்கத்தான் ஆகும். கூட்டமாகப் பிடிக்க ஹெக்டேருக்கு 20 வேண்டும், அக்கம்பக்கத்தாரும் வைக்க வேண்டும்.

ஆனா கணக்கு லேசுப்பட்டதில்லை. எண்ணிக்கை திடீரென ஏறினால், இலை நுனியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியலைத் தேடிக் கிள்ளிப் போடலாம். கண்மூடித்தனமாக மருந்தடிக்கத் தேவையில்லை.

மாமா இப்போது தினசரி காலண்டர் தாளில் எண்ணிக்கை எழுதுகிறார். பக்கத்து வயல்காரரிடம் பேசத்தான் மாட்டேன்கிறார். பழைய வரப்புத் தகராறு.