பார்க்காத கோளுக்கு என்ன சாட்சி?

பங்குனி இரவு ஒன்பது, பத்து மணி வாக்கில் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ அண்ணாந்து பார்த்தால், மகம் நட்சத்திரம் ஏறத்தாழ நேர் உச்சியில் இருக்கும். அதற்குத் தெற்கே, வெறும் கண்ணுக்குப் புலப்படாமல், 300 ஒளியாண்டுக்கும் அப்பால் சூரியனை ஒத்த ஒரு விண்மீன் உண்டு. அண்டக் கதிர்களை ஆராய்ந்த வங்க இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக, 2019-இல் அதற்கு ‘பிபா’ என்று பெயர் சூட்டினார்கள். அதைச் சுற்றும் ராட்சதக் கோளின் பெயர் சந்தமசா.

அந்தக் கோளை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பிறகு எப்படி நம்புவது? பிபாவின் ஒளிதான் சாட்சி. அதை நிறமாலையாகப் பிரித்தால், விண்மீன் விநாடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் நம்மை நெருங்குவதும் விலகுவதும் தெரிகிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்தை மூன்று நிமிடச் சொச்சத்தில் தொட்டுவிடும் வேகம் அது. இந்த ஆட்டம் 2 நாள், 3 மணி சொச்சத்துக்கு ஒருமுறை பிசகாமல் திரும்புகிறது. கனமான ஏதோ ஒன்று இழுக்காமல் இது நடக்காது. விண்மீனே விம்மித் தணிந்தால் இப்படித் தெரியாதா? 1995-இல் இத்தகைய முதல் கோளை அறிவித்தபோதே எழுந்த நியாயமான கேள்விதான் இது. ஆனால் விம்மினால் நிறமாலைக் கோடுகளின் வடிவமும் மாற வேண்டும்; அது மாறவில்லை. 1999-இல் இதே வகைக் கோள் ஒன்று தன் விண்மீனின் முன்னே கடந்து, கணித்த நேரத்தில் அதன் ஒளியைக் குறைத்தும் காட்டியது. அத்தோடு ஐயம் தீர்ந்தது. சந்தமசாவின் நிறை, குறைந்தது ஒன்றரை வியாழன். சிறிய தொலைநோக்கி இருந்தால் பிபாவைத் தேடிப் பிடிக்கலாம், சந்தமசாவை முடியாது.